அடி விழுந்த இடம்

கண்ணாடிக்காரர் செயலாளரை அடித்துவிட்டார் என்ற செய்தி போனில் வந்தபோது, அவருடைய மனைவி அன்றைய ஏழாவது தாடையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பயப்பட வேண்டாம், அது அவள் வேலை. முகத்தில் முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் சின்னச் சின்ன பிளேட்டுகளையும் திருகுகளையும் செய்கிற கம்பெனியில், பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். பிசினில் வார்த்த கீழ்த்தாடை ஒன்றை எடுத்து மெஷினில் மாட்டி அழுத்துவாள். எத்தனை கிலோவில், எந்தப் பக்கம் விட்டது என்று எழுதுவாள். பிறகு அதையே பிளேட் போட்டுச் சேர்த்து இன்னொரு தரம் உடைப்பாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தாடை. மானேஜர் ஒருமுறை இருநூற்று நாற்பத்தொன்பதை இருநூற்றைம்பது என்று எழுதச் சொன்னார். ஒரு கிலோதானே என்றார். அவள் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பதவி உயர்வும் வரவில்லை. அவள் குடியிருந்த கட்டடத்தில் இதெல்லாம் தெரிந்திருந்ததால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'தாடை மேடம்'.

போனில் பேசியவர் இரண்டாம் மாடி டியூஷன் வாத்தியார்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் அடிச்சிட்டார்!"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர் மேடம். மாடிப்படியில வெச்சு. நம்ம செயலாளரை!"

"எங்க வீட்டுக்காரரா?"

"தாடையிலயே மேடம். உங்க லைன்தான்."

மேடத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். கொசுவை அடிக்கக் கை ஓங்கினால்கூட, அது பறந்து போக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் அடிப்பார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரோ கட்டடத்தின் நாற்பத்திரண்டு வீடுகளையும் பதினோரு வருஷமாகத் தன் வாயாலேயே ஆண்டுவந்தவர். யார் எப்போது துணி காயப்போடலாம், வாசலில் எத்தனை ஜோடி செருப்பு இருக்கலாம் என்றெல்லாம் அவர்தான் முடிவு செய்வார். கண்ணாடிக்காரரை மட்டும் தினமும் படியில் நிறுத்தி, "என்னய்யா, உனக்கே கண்ணு தெரியலியா, சைக்கிளை எங்க நிறுத்தியிருக்க?" என்று நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்பார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போவார். இந்த மனுஷன் அந்த மனுஷனை அடித்தாரா?

மாலையில் வீட்டுக்கு வந்தால், கட்டடத்தின் முகமே மாறிக் கிடந்தது. காவலாளி நாற்காலியைவிட்டு எழுந்து, "சார் மேலதான் இருக்காரும்மா" என்றார். அதுவரை அவருக்கு அந்த வீட்டில் ஒரு சார் இருப்பது தெரியுமோ என்னவோ. முதல் மாடியில் ஒரு அம்மாள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். வீட்டுக்குள் கண்ணாடிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காலை நீட்டி அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க, நெஜமாவா?"

"ஆமா," என்றார் அவர். "ஒண்ணு விட்டேன்."

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சங்கத்தின் கடிதம் கதவுக்கு அடியில் வந்து விழுந்தது. நிர்வாகியின் மேல் கை வைத்தவர் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை காலை விசாரணை. இந்த வீட்டுக்காக மேடம் எத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிற வீடு அவள் வாழ்க்கையில் இது ஒன்றுதான். அதைப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலையில் செயலாளரின் மனைவி எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் வாயைக் கம்பி போட்டுக் கட்டிட்டார். ஆறு வாரம் திறக்கக் கூடாதாம். ஏன் மேடம், ஆறு போதுமா? உங்களுக்குத்தான் தெரியுமே, எட்டு பத்துன்னு வெச்சா இன்னும் கெட்டியா ஒட்டாதா?"

மேடம் எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கீழ்த்தாடை ஒரு லாடம் மாதிரி வளைந்த எலும்பு. அதன் இரண்டு முனைகளும் இரண்டு காதுகளுக்கு முன்னால் குழியில் உட்கார்ந்திருக்கின்றன. முனைக்குக் கொஞ்சம் கீழே, கழுத்து என்று சொல்கிற இடத்தில், எலும்பு மெலிந்திருக்கும். வளைந்த பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் உடையும். இடப்பக்கம் குத்து விழுந்தால் அங்கே ஒரு விரிசல் விடும், கூடவே எதிர்ப்பக்கக் கழுத்தும் முறியும். நட்ட நடு மோவாயில் விழுந்தால் இரண்டு கழுத்தும் ஒன்றாகப் போகும். அது ஒருவகையில் நல்லதுதான், அந்தக் கழுத்து ஒடியாவிட்டால் முனை மண்டைக்குள் ஏறிவிடும். செயலாளருக்கு இரண்டு கழுத்தும் போயிருந்தன. மோவாயின் அடியில் ஆறு தையல். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மனுஷன் குப்புற விழுந்திருக்கிறார், கையை ஊன்ற முடியாமல், மோவாய் முதலில். மூன்று வருஷமாக விளிம்பு உடைந்து கிடக்கும் மூன்றாம் படி மேடத்துக்கு ஞாபகம் வந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வந்த மனுக்களையெல்லாம், "கீழ பாத்து நடங்க" என்று எழுதித் திருப்பி அனுப்பியவர் செயலாளர்தான். அவர் எப்படி அங்கே விழுந்தேன் என்று சொல்வார்? அடிபட்டேன் என்பதுதான் அவருக்கு மரியாதை.

"ஏங்க, நீங்க அடிக்கலை," என்றாள் மேடம், கணவரிடம்.

"அடிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"இடது பக்கம் அடிச்சா இப்படி உடையாது."

"அவர் தாடை எப்படி உடையணும்னு நீ சொல்லித்தான் உடையுமா?" என்றவர், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு. பதினோரு வருஷத்துல இப்பதான் நான் படியில நடுவுல நடக்கிறேன். எதிர வர்றவங்க ஒதுங்குறாங்க. நீயாவது நம்பித் தொலையேன்."

மேடத்துக்கு நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் வீடு? அவள் அவரைச் சனிக்கிழமை பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மெஷினில் பாரத்தை அளக்கும் பாகத்தைக் கழற்றிச் சுவரில் மோவாய் உயரத்துக்கு மாட்டி, மேலே தடித்த ரப்பரை ஒட்டினாள்.

"குத்துங்க."

கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் குத்தினார். எழுபத்தொன்று. பதினோரு வருஷத்தையும் நினைத்துக்கொண்டு இரண்டாவது குத்து விட்டார். எண்பத்துநாலு. மூன்றாவதற்குக் கதவு வரை போய் ஓடி வந்தார். தொண்ணூற்றாறு. அவள் கையால் உடைத்த தாடைகளில் நடு மோவாயில் அழுத்தி இரண்டு கழுத்தும் விட்டது எதுவும் முன்னூறு கிலோவுக்குக் கீழே இல்லை.

"மெஷின் தப்பாக் காட்டுது," என்றார் அவர், கையை உதறிக்கொண்டே. "வேணும்னா நீ குத்திப் பாரு."

அவள் பேச்சுக்குத்தான் ஒன்று குத்தினாள். நூற்றுப் பதினெட்டு. அவசரமாக மெஷினை அணைத்தாள். திரும்பி வரும்போது அவள் பையில் கம்பெனி முத்திரை போட்ட தாள் இருந்தது: அதிகபட்சம் தொண்ணூற்றாறு கிலோ.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகளையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். கூட்டம் தாங்கவில்லை. கண்ணாடிக்காரரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். எதிரே செயலாளர், கம்பி கட்டிய வாயோடு, மடியில் சிலேட்டும் சாக்பீஸுமாக. அவர் மனைவி பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

சங்கத் தலைவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். செயலாளர் தானே செந்தமிழில் தயாரித்து வைத்திருந்த புகார்ப் படிவம் அவர் கையில் இருந்தது. புகார் கொடுத்தவரும் பதில் சொல்பவரும் ஆளுக்கொன்று நிரப்ப வேண்டும்.

"'அடி விழுந்த இடம்'னு கேட்டிருக்கு," என்றார் தலைவர். "நீங்க 'இடம்'னு எழுதியிருக்கீங்க. எந்த இடம்?"

"இடம்தாங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"இடம்னுதான் படிவத்துலயே இருக்கே. எந்த இடம்னுதான் கேள்வி."

"இடம்னா இடம்தாங்க. வலம் இல்ல."

"ஓ, அந்த இடமா! சரி. ஆனா செயலாளர் இதே இடத்துல 'வலம்'னு எழுதியிருக்காரே. இடத்துல வலம் எப்படி வரும்?"

"அவருக்கு வலம், எனக்கு இடமா இருக்கும்," என்றார் கண்ணாடிக்காரர் நிதானமாக. "எதிர எதிரதானே நின்னோம்."

கூட்டம் கை தட்டியது. செயலாளரும் சிலேட்டில் 'ஆம்' என்று எழுதித் தூக்கிக் காட்டினார். அடித்தவரும் அடிபட்டவரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்த விசாரணையைத் தலைவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் திருப்பிப் பார்த்தார்.

"ஆனா இதுல இடமும் போட்டிருக்கு, வலமும் போட்டிருக்கே? ரெண்டு பக்கமும் முறிவு."

கண்ணாடிக்காரர் ஒரு கணம் யோசித்தார். "ரெண்டு குத்து," என்றார். டியூஷன் வாத்தியார் விசில் அடித்தார்.

மேடத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மேஜையில் ஒரு பிசின் தாடையை வைத்தாள். முனை இரண்டையும் கொண்டுவந்த பிடிமானத்தில் இறுக்கினாள். "ரெண்டு குத்தும் இல்ல, ஒரு குத்தும் இல்ல," என்று சொல்லிச் சுத்தியலால் நடு மோவாயில் ஒரே ஒரு போடு போட்டாள். டக்கென்று இரண்டு கழுத்தும் ஒடிந்தன. முன்வரிசையில் நாலைந்து பேர் தங்கள் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா? நடுவுல ஒண்ணு வாங்கினா ரெண்டு பக்கமும் போகும். இது விழுந்த முறிவு. மூணாம் படியில."

செயலாளர் சிலேட்டில் 'பொய்' என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டார். தலைவர் உடைந்த தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ சார் கீழயிருந்து மேல ஒரே குத்தா குத்தியிருக்கார்னு சொல்றீங்க."

"அய்யோ, நான் அதைச் சொல்லலை!"

"நடு மோவாய்ல ஒண்ணுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? அடேயப்பா!" என்று அவர் கண்ணாடிக்காரரைப் புதுசாகப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. ஒரு குத்தில் இரண்டு பக்கம்! கண்ணாடிக்காரரின் காது மடல்கள்கூடச் சிவந்துவிட்டன.

"அது எத்தனை கிலோன்னு கணக்கு இருக்கு," என்று பையிலிருந்து தாளை எடுத்தாள் மேடம். "முன்னூறு வேணும். இவர் குத்தை எங்க மெஷின்ல அளந்திருக்கேன்."

இனி எண்ணைப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. வீடு மிஞ்சும். அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருப்பவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நாற்பத்தோரு வீட்டு ஜனங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு என்று சொன்னால் முதலில் யார் சிரிப்பார் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. அவருக்காக அவள் மனசு அப்படி வலித்தது.

"முன்னூத்திப் பத்து," என்றாள் மேடம்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய் எண் அது. சொன்ன கையோடு தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டாள். கூட்டத்தின் ஆரவாரத்தில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. வீடு போனது போனதுதான் என்று அவள் உட்காரப் போனபோது கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"அது இல்லீங்க," என்றார். "தொண்ணூத்தாறு."

"என்ன தொண்ணூத்தாறு?"

"என் குத்து. அவ கணக்கு தப்பாச் சொல்ல மாட்டா. எனக்காகச் சொல்லிட்டா. அது கம்பெனி முத்திரை போட்ட பேப்பர், தெரிஞ்சா அவ வேலை போயிடும்." அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் அடிக்கலை. வழக்கம்போல திட்டிக்கிட்டே இறங்கினார். கால் இடறிடுச்சு. நான் கையை நீட்டினேன். ரெண்டு விரல் காலர்ல பட்டுது, பிடி நிக்கல. வாத்தியார் பாத்தது அந்தக் கைதான். அடிக்க நீட்டின கை இல்லீங்க. பிடிக்கப் போன கை."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. முதல் மாடி அம்மாள்தான் வாய் திறந்தாள்.

"பிடிக்கப் போனியா? இவரையா?"

"எவ்வளவு நம்பினோம்!" என்றார் டியூஷன் வாத்தியார். "எங்க எல்லாருக்கும் சேத்து ஒண்ணு விட்டீங்கன்னு நெனச்சேன் சார். கடைசியில காப்பாத்தப் பாத்திருக்கீங்களே!"

செயலாளரின் மனைவியும் கண்ணாடிக்காரரைக் கொஞ்சம் வருத்தமாகத்தான் பார்த்தாள்.

செயலாளர் சிலேட்டில் எதையோ எழுதி, எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டார். தலைவர் தொண்டையைச் செருமி, அடி விழவில்லை என்பதால் புகார் தள்ளுபடி, வீடு அவர்களுக்கே என்று அறிவித்தார். மேடத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று கணவரின் முழங்கையைத் தொட்டாள்.

"இருங்க," என்றார் தலைவர். "இந்தக் குழப்பம் எதனால வந்துச்சு? சார் கையை நீட்டினதால. நீட்டாம இருந்திருந்தா, விழுந்தார்னு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இனி இப்படி நடக்கக் கூடாது."

ஜனங்கள் இருந்த கோபத்தில் எதற்கும் தயாராக இருந்தார்கள். அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. செயலாளரே தன் கையால், தன் செந்தமிழில் எழுதினார்: 'மாடிப்படியில் எவர் விழ நேரினும், குடியிருப்போர் எவரும் அவரைப் பிடிக்கலாகாது. இதற்கு ஒப்பாதவர் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்க.' உடைந்த படியைச் சரிசெய்யலாமே என்று ஒருவர் சொன்னார். அது தனித் தீர்மானம், அடுத்த கூட்டத்தில்தான் எடுக்க முடியும் என்றார் தலைவர். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளரின் மனைவி முதல் ஆளாகப் போட்டாள்.

தாள் கண்ணாடிக்காரரிடம் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். அப்புறம் மூடி மேஜையில் வைத்தார்.

"முடியாதுங்க."

"ஏன் சார்? ஒரு கையெழுத்து. வீடு இப்பதானே கெடச்சுது?" என்றார் தலைவர்.

"யாராவது விழுந்தா கை தானாப் போயிடுதுங்க. கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் பிடிச்சா தப்பாயிடுமே."

"அப்போ முப்பது நாள்ல காலி பண்ணணும்."

"பண்ணிடறேங்க."

அவர் குரல் உயரவில்லை. மேடம் அவரையே பார்த்தாள். ஜன்னலும் காற்றும் போகப் போகின்றன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அழுகையும் வந்தது, பெருமையும் தாங்கவில்லை. தாள் அவள் பக்கம் வந்தபோது அதைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள்.

நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்காரரைத் தாண்டிப் போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செயலாளர் காலி செய்யும் நோட்டீஸை எழுதி முடித்து, வீட்டுக்குப் போய்ச் சங்கத்தின் முத்திரை வைக்க வேண்டும் என்று எழுந்தார். ஆறு நாளாக உறிஞ்சு குழாயில் கஞ்சித் தண்ணீரும் பழரசமும்தான். மாடிப்படிக்கு முன்னால் வந்ததும் கால் தள்ளாடியது. நின்று திரும்பிப் பார்த்தார். மனைவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாத்தியார் பையில் எதையோ தேடினார். காவலாளி ஒரு எட்டுப் பின்வாங்கினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள்.

செயலாளர் கடைசியாகக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கட்டிய வாய்க்குள்ளிருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது.

கண்ணாடிக்காரர் போய் அவருக்கு ஒரு படி பின்னால் நின்று, இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் படி வந்தபோது, "பாத்து, இங்க விளிம்பு இல்ல," என்றார். செயலாளர் நோட்டீஸை இறுகப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தார். இருவரும் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். சாமான்களுக்கு எத்தனை அட்டைப்பெட்டி வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே மேடமும் அவர்களுக்குப் பின்னால் ஏறினாள்.